மதுரையில் வாடகை மாடி வீடு: பூவும் நடையும் வீட்டுப் பழக்கமாக என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது: மதுரையில் இரண்டாவது மாடி வாடகை வீடு, மேலே மொட்டை மாடி. கணவன், மனைவி இருவருக்கும் வேலை. 8 வயதில் பெண், 5 வயதில் பையன், 68 வயது மாமியார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளுக்கொரு ஃபோன், அது சலித்தால் மால். செலவு பெரிதாக இல்லாமல் பூ, வீடு, வெளியே ஒரு நடை என்று அன்றாடம் மனசுக்கு இதமாக எதையாவது பழக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் இந்த மாதிரி முயற்சிகள் இரண்டாவது மாதத்திலேயே நின்றுபோவதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சோம்பேறித்தனத்தால் அவை நிற்பதில்லை. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று மட்டும் ஆரம்பிப்பதால் நிற்கின்றன. நர்சரியில் ஒரே நாளில் இருபது தொட்டி வாங்கி அடுக்கினால் இரண்டு வாரம் பார்த்துப் பூரிக்கலாம். மூன்றாவது வாரம் அது தண்ணீர் சுமக்கிற வேலை. வீட்டில் ஏதோ ஒரு உபயோகத்தில் போய் முடிகிற காரியம்தான் தங்கும். மொட்டுப் பறித்தால் கட்டியாக வேண்டும், கட்டினால் தலைக்கும் சாமி படத்துக்கும் ஆகும். வேப்பம்பூ பொறுக்கினால் ரசத்துக்கு ஆகும். நடந்துபோய்ப் பறித்த ஆவாரம்பூ பொங்கலுக்கு வாசலில் ஏறும். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்தவை.

ஆரம்பம் மூன்று தொட்டி குண்டுமல்லி. மதுரையில் இருந்துகொண்டு வேறு எதில் ஆரம்பிப்பது? 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. ஆனால் பதியன், அதாவது வேர்விடவைத்த கன்று, பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கத்தில், குறிப்பாகத் தங்கச்சிமடத்தில் தயாராகி வருகிறது. நர்சரியில் கேட்கும்போது ‘ராமநாதபுரம் குண்டுமல்லிப் பதியன்’ என்று கேளுங்கள். ‘அடுக்குமல்லி’ என்று இதழ் நிறைந்த ரகத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் சரம் கட்டிப் பழகக் குண்டுமல்லிதான் வசதி. பதியன் ஒரு முழ உயரம், பென்சில் கனத்தண்டு, அடியிலிருந்து இரண்டு மூன்று கிளை என்று இருந்தால் நல்லது. ஏற்கெனவே பூத்துக் குலுங்கும் செடியைத் தேடி எடுக்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் முதலில் உதிர்வது அந்தப் பூதான். நடுவதற்கு ஆனி தொடங்கி ஐப்பசி வரை சரியான காலம். சித்திரை வெயிலில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் தண்டு காய்ந்துவிடும்.

தொட்டி 14 அங்குல வாய் உள்ளதாக இருக்கட்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளியே போதும், நன்றாகக் கழுவி அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஐந்து ஓட்டை போட வேண்டும். ஓட்டைமேல் உடைந்த ஓடு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாண எரு ஒரு பங்கு, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வயல் கரிசலை அப்படியே அள்ளிப் போட்டால் மழையில் சேறாகி வேர் மூச்சுவிடாது, வெயிலில் வெடித்து வேரை அறுக்கும். எரு மட்கியதா என்று தெரிந்துகொள்ள மோந்து பார்த்தாலே போதும். சாண வாடை இருந்தால் இன்னும் ஒரு மாதம் ஆற வேண்டும்.

நனைந்த மண்ணோடு அந்த வாளி 25 முதல் 30 கிலோ எடை வரும். அதனால் மாடி நடுவில் வைக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே சுவர் ஓடுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். மூன்று செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் இரண்டு லாபம்: தளத்தின் சூடு வேருக்கு ஏறாது, வீட்டுக்காரர் பயப்படுகிற ஈரக்கறையும் தளத்தில் படியாது. அடியில் தட்டு வைத்தால் வாரத்துக்கு இரண்டு முறை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு பரப்புகிற கொசு, தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். இதையெல்லாம் செய்யப்போகிறோம் என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பூ பூத்தபின் ஒரு முழம் அவர் வீட்டுக்கும் போனால் பேச்சே வராது.

வெயில் தினம் ஐந்து ஆறு மணி நேரம் நேராக விழ வேண்டும். ‘செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூக்கவே இல்லை’ என்கிற புகாரில் பாதிக்கு மேல் நிழல்தான் குற்றவாளி. மீதிக்குக் காரணம் அளவுக்கு மீறிய தழைச்சத்து (நைட்ரஜன்). தண்ணீர் காலையில் ஒரு வேளை; பங்குனி, சித்திரை, வைகாசியில் சாயங்காலமும் ஒரு முறை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.

உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கு 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. மூடி போட்டு ஊறவைக்காவிட்டால் நாற்றமும் ஈயும் மாடியில் நிற்கவிடாது. வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், டீத்தூள் என்று ஃபோனில் வருகிற வைத்தியங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. மல்லிக்கு உண்மையான மருந்து கத்தரிக்கோல்.

குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை எவ்வளவு நீளமாக ஓடினாலும் பூ தராது. வயலில் கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு முழுச் செடியையும் வெட்டிவிடுவார்கள். தொட்டியில் ஒன்றேகால் அடி விட்டு வெட்டுங்கள். மெலிந்த குச்சி, காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்தது எல்லாம் அடியோடு போகட்டும், மிச்ச இலைகளையும் உருவிவிடலாம். வெட்டியதும் மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, இரண்டு கை எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்குப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். பார்க்க மொட்டையாக, பரிதாபமாக இருக்கும். மாமியார் திட்டவும் கூடும். மாசி பிறந்ததும் துளிர் முட்டும், பங்குனியிலிருந்து ஆடி வரை பூ. அந்தப் பருவத்தில் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் ஒவ்வொரு கிளை நுனியிலும் இரண்டு கணு கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று வரும். முதல் வருஷம் பூ குறைவாகத்தான் இருக்கும். இரண்டாவது வருஷம் செடி வேறு.

மார்கழி, தையில் மல்லி கிட்டத்தட்ட ஓய்வு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அந்த மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் போவதற்கும் அதுதான் காரணம்: குளிரிலும் பனியிலும் வரத்து சுருங்கும், முகூர்த்தமும் பொங்கலும் அப்போதுதான் வரும். அந்த இடைவெளிக்கு ஒரு தொட்டி டிசம்பர் பூவும், ஒரு தொட்டி கனகாம்பரமும் வையுங்கள். டிசம்பர் பூவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு குச்சி ஒடித்து நட்டாலே போதும். கனகாம்பரம் அரை நிழலிலும் பூக்கும் என்பதால் மாடிப்படி ஓரத்துக்கு ஏற்றது. பூங்கொத்து அடியிலிருந்து மேலாக மலர்ந்துகொண்டே போகும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் சரியாக இருக்கும். டெல்லிக் கனகாம்பரத்தில் விதை பிடிக்காது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். நாட்டுக் கனகாம்பரத்தில் முற்றிய காய் கிடைத்தால் பையனிடம் கொடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள், பட்டென்று வெடித்து விதை தெறிக்கும்.

என்ன கெடும் என்பதையும் பார்த்துவிடலாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பும் உப்பும் மிகுந்த போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போய்விடுகிறது. நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் சாய்ந்தபின் இலையில் தெளிக்க வேண்டும். பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை. தளத்தில் சிந்தினால் துருக்கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் ஒரு குடம் பிடித்து ஊற்றினாலும் செடிக்குத் தெம்பு வரும்.

மொட்டு மலராமல் ஊதா நிறமாகி, அடி தடித்துக் காய்ந்தால் உள்ளே மொட்டு ஈயின் புழு இருக்கிறது. மொட்டில் ஓட்டையும் எச்சமும் தெரிந்தால், அல்லது இரண்டு மூன்று மொட்டு நூலாம்படையால் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்கும் முதல் வைத்தியம் கெட்ட மொட்டைப் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுவது. அதைத் தொட்டி மண்ணிலேயே உதிர்த்துவிட்டால் பிரயோஜனமில்லை, ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. மேல்மண்ணை வாரம் ஒரு முறை கொத்திவிட்டு வேப்பம் புண்ணாக்குத் தூவுவது இதற்காகத்தான். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், அந்தி நேரத்தில். தெளித்த பிறகு நாலைந்து நாள் பூவில் வேப்பெண்ணெய் வாடைதான் வரும். கோடையில் இலை வெளுத்து, பின்பக்கம் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. குழாயை விரலால் அழுத்தி இலையின் அடிப்புறம் படும்படி பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும்.

இனி பூவை என்ன செய்வது. வயலில் விடியற்காலையில் பறிப்பது மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதால். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை, மாலை ஐந்து மணிக்குப் பறிக்கலாம். அன்றைக்கு மலரப்போகிற மொட்டு தனியாகத் தெரியும்: பால் வெள்ளை, வயிறு உப்பி, நுனி லேசாகத் தளர்ந்து இருக்கும். பச்சை கலந்த மொட்டு நாளைக்கோ நாளை மறுநாளைக்கோ உரியது, பறித்தால் மலராமலே வாடும். இந்த வித்தியாசத்தை 8 வயதுப் பெண் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வாள், அதனால் பறிக்கிற பொறுப்பு அவளுக்கு. காம்பை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். இழுத்தால் பக்கத்துக் குருத்தும் கூடவே வந்துவிடும். பறித்த பூவைக் கழுவக் கூடாது, இதழில் நின்ற தண்ணீர் பழுப்புக் கறையாகும்.

கட்டுவதற்கு வாழைநார். பூக்கடையிலேயே கட்டாகக் கிடைக்கும். பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தடித்த தையல் நூல் கனத்துக்குக் கிழித்துக்கொள்ள வேண்டும். ஊறாத நார் முறியும், அகலமான நாரில் முடிச்சு இறுகாது. நூலில் கட்டுவது சுலபம்தான், ஆனால் நூல் காம்பை அறுக்கும். நார் பிடித்து வைக்கும், ஈரமும் காக்கும்.

கட்டுகிற முறை இது. நாரின் நுனியை இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க வேண்டும், நீளப் பக்கம் வலது கையில். இரண்டு மொட்டை ஒரு பக்கம் பார்த்து வைத்து, இன்னும் இரண்டை எதிர்ப்பக்கம் பார்த்து வைத்தால் நாலு காம்பும் நாரின்மேல் ஒன்றோடொன்று எதிரெதிராகப் படியும். நீள நாரை அந்தக் காம்புகளின் மேலே கொண்டுபோய் ஒரு சுற்று. அடுத்து வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நாரை ஏந்தி மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் சிறு கண்ணி விழும். அதைக் காம்புகளின் மேல் மாட்டி, நீள நாரைச் சுண்டி இழுத்தால் இறுகிவிடும். நீள நார் கண்ணிக்கு உள்பக்கமாக அடங்கி வருகிறதா என்பதுதான் சூட்சுமம். வெளிப்பக்கமாக வந்தால் அது முடிச்சே இல்லை, வெறும் சுற்று. பாதிச் சரம் ஆனபின் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். அடுத்த நாலு பூவை முந்தைய பூவின் காம்பை ஒட்டி வைக்க வேண்டும். முடிச்சு பூத்தலைக்குக் கீழே, பச்சைப் புல்லியை ஒட்டினாற்போல் விழ வேண்டும். காம்பு நுனியில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் பூ நழுவும். இழுப்பு அதிகமானால் காம்பு துண்டாகும். நார் தீர்ந்தால் புது நாரை இரண்டு அங்குலம் பழையதோடு சேர்த்துப் பிடித்து, அடுத்த இரண்டு கண்ணியை இரண்டின் மேலும் போட்டுவிட்டால் தனியாக முடிச்சே வேண்டாம்.

இதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்வது கடினம் என்று தெரிந்துதான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார். அவருக்குக் கை தானாகவே ஓடும். மெதுவாகச் செய்து காட்டச் சொன்னால் அவருக்கே குழம்பும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பாருங்கள், விரலைப் பார்க்காதீர்கள். பழகுகிறவர்கள் முதல் சில நாள் மல்லியை வீணாக்காமல் வேப்பிலை ஈர்க்கை இரண்டு அங்குலத் துண்டாக ஒடித்துக் கட்டிப் பழகலாம். ஐந்து வயதுப் பையனால் கட்ட முடியாது, நாலு நாலாக எண்ணிப் பாட்டியிடம் நீட்ட முடியும். நார் கிழிப்பது அப்பா வேலை. ஈரக்கையில் நார் பிடித்திருக்கிறவரால் ஃபோனை எடுக்க முடியாது என்பது போனஸ். அதற்காக யாரிடமும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, சுமார் 45 செ.மீ. ஒன்றரை செ.மீ.க்கு ஒரு கண்ணி, கண்ணிக்கு நாலு பூ என்றால் முழத்துக்கு 120 மொட்டு ஆகும். மூன்று தொட்டியில் அது தினமும் கிடைக்காது. கிடைத்த அன்றைக்கு முழம், கிடைக்காத அன்றைக்குச் சாண். இடையிடையே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்துக் கதம்பமாகக் கட்டினால் நாற்பது மொட்டிலேயே அரை முழம் நிறையும். கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது, மரிக்கொழுந்துக்கு நிறம் கிடையாது, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். மிஞ்சிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், அடுத்த நாள் காலைக்குத் தாங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகும்.

மாமியாரை மாடிப்படி ஏறவைத்து வாளி தூக்கச் சொல்ல வேண்டாம். ஈரப்படியில் ஒரு சறுக்கல் போதும், வருஷமே போய்விடும். மேலே குழாய் இருந்தால் அரை அங்குல ஹோஸ் ஒன்று, இல்லாவிட்டால் ஐந்து லிட்டர் கேன் இரண்டு. தண்ணீர் காலை ஆறரைக்கு, பல் தேய்த்ததும், அப்பாவும் பையனும். ‘நேரம் கிடைக்கிறபோது’ என்று வைத்தால் கிடைக்காது.

வாசல் கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாடி வீட்டுக் கதவுக்கு வெளியே இரண்டு அடிக்கு இரண்டு அடிதான் இடம் இருக்கும், 7 புள்ளி ஊடுபுள்ளி, 4-இல் நிறுத்துவது அதற்கு அளவாகப் பொருந்தும். வெறும் அரிசி மாவு விரலில் கட்டிக்கொண்டு விழும். கோலப்பொடியில் மூன்றில் ஒரு பங்கு அரிசி மாவு கலந்தால் கோடும் சீராக வரும், எறும்புக்கும் கிடைக்கும். வாரம் ஒரு நாள் போதும்.

அடுத்து நடை. இதில் எல்லாரும் செய்கிற தப்பு ஒவ்வொரு வாரமும் புது இடம் தேடுவது. புது இடத்துக்குப் போனால் வண்டி, சாப்பாடு, கூட்டம் என்று பாதி நாள் அதிலேயே போகும். ஒரே கண்மாய்க் (ஏரிக்) கரைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். தண்ணீர் எங்கே ஏறியது, போன வாரம் இருந்த பறவை எங்கே என்று கேட்பதற்கு அப்போதுதான் குழந்தைகளுக்கு ஏதாவது இருக்கும். மதுரையைச் சுற்றி அதற்குக் குறைவே இல்லை. வண்டியூர், மாடக்குளம், திருப்பரங்குன்றம் பக்கம் தென்கால் என்று வீட்டுக்குக் கிட்டே எதுவோ அது. காலை ஆறு மணிக்கு இறங்கி ஏழரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்து வயதுக்கு இரண்டு கிலோமீட்டர் போதும், நின்று நின்று போனால் அதற்கே ஒன்றரை மணி ஆகும். காலில் தடித்த அடி உள்ள ஷூ. சீமைக் கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். கரைப்பாதை நடுவிலேயே நடப்பது, புதருக்குள் கை விடாமல் இருப்பது, இருட்டினால் போகாமல் இருப்பது: பாம்புக்கு இந்த மூன்றும் போதுமான மரியாதை.

பறவைகளில் முதலில் ஐந்தை மட்டும் பழக்குங்கள்: முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, வெண்மார்பு மீன்கொத்தி. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், குழந்தைகள் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள். நாமக்கோழிக்கு உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், பெயரே அடையாளம். கார்த்திகைக்குப் பிறகு பங்குனி வரை வலசை வாத்துகளும் சேர்ந்துகொள்ளும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும், ஆறு மாதம் நடை நிலைத்தபிறகு வாங்கலாம்.

மழைக்காலத்தில் தண்ணீர் ஓரப் பனைமரத்திலும் கருவேலத்திலும் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். அதில் கவனிக்க வேண்டியது பாதியில் நிற்கிற கூடுகளை. ஆண் குருவிதான் கட்டுகிறது. கவிழ்த்த தொப்பி மாதிரி, நடுவில் ஒரு குறுக்குப் பட்டையோடு, பாதி வந்ததும் நிறுத்திவிட்டு அதில் தொங்கிச் சிறகடித்துக் கத்தும். பெண் குருவி வந்து உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால்தான் மீதிக் கட்டடம், நீளக் குழல் வாசல் எல்லாம். பிடிக்காவிட்டால் அந்தத் தொப்பி அப்படியே வெயிலில் காயும். ஒரே மரத்தில் பச்சைக் கூடு, காய்ந்த தொப்பி, முடிந்த கூடு மூன்றையும் காட்டி, எது எந்த நிலை என்று மகளிடம் கேளுங்கள். அறுந்து விழுந்த கூடு கிடைத்தால் எடுத்துப் பார்க்கலாம், உள்சுவரில் களிமண் உருண்டை அப்பியிருக்கும். மரத்தில் இருப்பதைத் தொட வேண்டாம்.

பையில் எதையாவது கொண்டுவருகிற நடைகளும் இருக்கின்றன. மார்கழிக் கடைசியில் வரப்போரமும் பாதையோரமும் ஆவாரம்பூவும் சிறுபூளையும் பூத்திருக்கும். போகியன்று வேப்பிலையோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்ட வீட்டுக்கு இரண்டு கைப்பிடி போதும், பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் ஒடியுங்கள். பங்குனியில் வேப்பம்பூ. முந்தின நாள் இரவே மரத்தடியைக் கூட்டிப் பழைய வேட்டியை விரித்துவைத்தால் காலையில் ஒரு படி பூ கிடக்கும். ரோட்டோர மரமாக இருந்தால் வேண்டாம், புழுதிதான் மிஞ்சும். முறத்தில் புடைத்துக் காம்பும் எறும்பும் நீக்கி, மூன்று நாள் காயவைத்தால் பழுப்பு நிறத்தில் மொறுமொறுவென்று ஆகும். கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வருஷம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, இறக்கிய ரசத்தின் மேல் கொட்டினால் நாலு பேருக்கு ரசம். ரசத்தோடு கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கி, பையன் தட்டை நகர்த்திவிடுவான். சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடிக்கு அதே பாட்டில்.

மழை விட்டதும் பாதையோரம் ஊதா நிறத்தில் பூக்கிற பட்டாசுக்காய்ச் செடியைத் தேடுங்கள். காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் சில நொடியில் வெடிக்கும். ஆனால் எருக்கஞ்செடியில் மட்டும் கவனம். மொட்டை அமுக்கி வெடிக்கிற விளையாட்டு நல்லதுதான், அதன் பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தொட்டபின் கை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அரளியையும் குழந்தைகள் இருக்கிற மாடியில் வளர்க்க வேண்டாம், இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

மாமியார் வருகிற நாளைக்கு மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. நாலு கரையும் சேர்ந்து ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், சமதளம், உட்காரவும் இடம் உண்டு. சாயங்காலம் கடைகளும் கூட்டமும் நிறைந்துவிடும், காலைதான் சரி. மாதம் ஒரு முறை கொஞ்சம் தூரமாகப் போக நினைத்தால் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் இருப்பதால் ஏற முடியாதவர்கள் அங்கேயே இருக்கலாம், மற்றவர்கள் படியேறிப் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் அதன்கீழ் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தையும் பார்த்துவிட்டு வரலாம். எட்டரை மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுடத் தொடங்கினால் குழந்தை நடக்காது. வருஷத்துக்கு ஒரு முறை என்றால் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குன்று முகட்டில் வல்லூறு இனங்கள் வட்டமிடுவதையும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலையும் ஒரே காலையில் பார்க்கலாம். அழகர்மலைக்குப் போனால் கையில் பையைத் தொங்கவிடாதீர்கள், குரங்கு கணக்குப் பார்க்காது.

ஊருக்குப் போகிற வாரங்களில் தொட்டிகள்தான் கவலை. நாலு நாள் வரை என்றால் எல்லாத் தொட்டியையும் நிழலில் நெருக்கி வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, மண்மேல் தேங்காய் மட்டையைத் துண்டுதுண்டாகப் பரப்பிவிட்டால் தாங்கும். ஒரு வாரம் என்றால் தொட்டிகளைவிடச் சற்று உயரத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் முறுக்கிய பருத்தித் துணித் திரி. ஒரு நுனி வாளியின் அடிவரை, மறு நுனி மண்ணுக்குள் மூன்று அங்குலம். நைலான் துணி வேண்டாம். வாளியை மூடிவைத்தால் கொசுவும் வராது. கிளம்புவதற்கு முந்தின நாளே ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

வாடகை வீடு என்பதால் என்றாவது மாறத்தான் வேண்டியிருக்கும். மல்லியை அதற்காக விட்டுவிட்டுப் போக வேண்டாம். இரண்டு வாரம் முன்பே கிளைகளை ஒன்றேகால் அடிக்கு வெட்டிவிட்டு, கிளம்புகிற நாள் காலையில் தண்ணீர் விடாமல் முந்தின நாள் மாலையில் விட்டால் எடையும் குறையும், மண் கட்டியும் உடையாது. சாக்கால் தொட்டி வாயை மூடித் தண்டோடு சேர்த்துக் கட்டி, வண்டியில் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். புது மாடியில் பத்து நாள் அரை நிழல், பிறகு வெயில். முதல் வாரம் இலை உதிரும், அதற்குப் பயந்து தண்ணீரை அதிகம் ஊற்றி வேரை அழுகவிட்டுவிடாதீர்கள்.